வென்றவர் மீண்டும் மாணவராதல்

மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடும் இரவைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறப்பதில்லை. உயர நட்ட தபசு மரத்தில் அருச்சுனன் வேடம் புனைந்தவர் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே லயத்து மக்கள் உறக்கம் துறந்து அண்ணாந்திருப்பர். பாசுபதம் வேண்டித் தவஞ்செய்தவன் முன் இறைவன் வேடுவனாய் வந்து, பன்றி ஒன்றன் பொருட்டு வழக்கிட்ட கதை நம் சிறுவரும் அறிந்ததே. ஆயினும் அக்கதையின் ஒரு பகுதியை நாம் ஆழ்ந்து எண்ணுவதில்லை. அம்பு தீர்ந்தது, வில் பறிபோயிற்று, வாளும் ஒடிந்தது. அதன் பின்னரே வில்லுக்கு விசயன் எனப் பெயர் பெற்றவன் வெறுங்கையனாய் வேடுவனைக் கட்டிப் பிடித்து மற்போர் செய்தான். அப்போரில் அவன் வெல்லவில்லை, தோற்றான். தோற்ற இடத்திலேதான் பாசுபதம் பெற்றான்.

ஒரு கலையில் உயர்ந்து நின்றவர், தாம் பழகாத களத்தில் இறங்கும்போது யாது நேர்கிறது? அவர் செய்வது துணிவா, பேராசையா? பழைய புகழைப் பணயம் வைத்துப் புதியதொன்றைக் கற்கப் புகுவோரை நாம் எவ்வாறு மதிக்க வேண்டும்? இக்கேள்விகளை இன்று நம்முன் எழுப்புபவர் புராண வீரர் அல்லர்; இந்தியாவின் அரியானா மாநிலத்துப் பலாலி என்னும் சிற்றூரில் 1994 ஆம் ஆண்டு பிறந்த ரிது போகத் என்னும் மற்போர் வீராங்கனையே. நம் யாழ்ப்பாணத்துப் பலாலியன்று. கோதுமை வயல்கள் சூழ்ந்த வடநாட்டுப் பலாலி அது.

அவர் குடும்பத்தின் கதையை 2016 ஆம் ஆண்டு வெளிவந்த 'தங்கல்' திரைப்படத்தின் வாயிலாக நம் வாசகர் பலர் அறிவர். தந்தை மகாவீர் சிங் போகத், ஊரார் நகைத்ததைப் பொருட்படுத்தாது தம் பெண்மக்களை மற்போர்க் களத்தில் இறக்கினார். மூத்தவர் கீதா 2010 ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். அடுத்தவர் பபிதா 2014 ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் தங்கம் வென்றார். மூன்றாமவரான ரிது எட்டாம் வயதிலேயே பயிற்சியில் புகுந்தார். பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டார். 2016 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிகழ்ந்த பொதுநலவாய மற்போர்ப் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கமும், 2017 ஆம் ஆண்டு போலந்தில் நிகழ்ந்த இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளியும் அவர் பெற்றவை. அதே வழியில் நடந்திருந்தால் ஒலிம்பிக் வாயிலை நோக்கிச் சென்றிருப்பார். ஆனால் 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வேறு வழி கொண்டார். சிங்கப்பூர் சென்று 'ஒன் சாம்பியன்ஷிப்' என்னும் அமைப்பில் ஒப்பந்தமாகித் தொழில்முறைக் கலப்புத் தற்காப்புக் கலையில் புகுந்தார்.

கலப்புத் தற்காப்புக் கலை என்பது குத்து, உதை, மற்பிடி, மூட்டுப் பூட்டு, கழுத்து நெரிப்பு ஆகிய யாவற்றுக்கும் இடந்தரும் போட்டி. பெரும்பாலும் கூண்டு போன்ற வலைச் சுவருக்குள் நடைபெறுவதால் 'கூண்டுச் சண்டை' என்று மக்கள் சொல்வர். ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டப் போட்டியாயின் ஐந்து. 1993 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதற் போட்டித் தொடரில், பிரேசில் நாட்டு றொய்ஸ் கிரேசி என்னும் மெலிந்த உடலினர், தம்மினும் பருத்தோரை ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராகப் பிடியால் மடக்கினார். குத்தும் உதையுமே சண்டை என எண்ணியிருந்தோர் அன்று முதல் தரைப்பிடியின் ஆற்றலை உணர்ந்தனர். பின்னர் மற்போர் வீரர் பலர் இக்களத்தை நாடினர். 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மற்போரில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஹென்றி செஜூடோ, பத்தாண்டு கழித்து 2018 ஆம் ஆண்டில் இக்களத்திலும் உலகப் பட்டம் பெற்றார். ஆகவே ரிது சென்ற வழி முன்னோர் நடந்த வழிதான்; எனினும் இந்தியப் பெண்களுள் அவ்வளவு புகழ்பெற்ற மற்போர்க் குடும்பத்திலிருந்து அவ்வழி சென்றவர் அரியர்.

தொடக்கம் ஒளிமிக்கதாகவே இருந்தது. 2019 நவம்பர் 16 ஆம் நாள் பெய்ஜிங்கில் நடந்த முதற் போட்டியில், கொரிய வீராங்கனை நாம் ஹீ கிம்மை முதற் சுற்றிலேயே வென்றார். தொடர்ந்து மூன்று வெற்றிகள் வந்தன. எதிராளியின் இடுப்பைப் பற்றித் தரையில் வீழ்த்துதல், வீழ்த்தியவரை எழவொட்டாது அடக்குதல் ஆகிய தந்தை கற்பித்த வித்தைகள் போதுமாயிருந்தன. 2021 ஆம் ஆண்டு தம் எடைப் பிரிவின் பெருந்தொடரில் இறுதிப் போட்டிவரை முன்னேறினார். அவ்வாண்டு திசம்பர் 3 ஆம் நாள் இறுதிப் போட்டியில் அவரை எதிர்கொண்டவர் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். அவர் உதையிலும் குத்திலும் பட்டம் பெற்றவர். மற்பிடி அவருக்குப் பிறந்த வீட்டுக் கலையன்று. ஆயினும் இரண்டாம் சுற்றில் அவர் ரிதுவின் கையைப் பூட்டிப் பணிய வைத்தார். பிடியிலே பிறந்து பிடியிலே வளர்ந்தவரை, உதைக்கலையில் வளர்ந்தவர் பிடியாலேயே வென்றார்!

இதனை விந்தை என்று கூறி விட்டுவிடலாகாது. இதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்திலேதான் ஆசிரியரும் மாணவரும் கற்கவேண்டிய பாடம் இருக்கிறது. ஒலிம்பிக் மற்போரில் இரு தோள்களும் தரையிற் படுவதே தோல்வி. அதனால் மற்போர் வீரர் மல்லாந்து விழுவதை எல்லாவற்றினும் அஞ்சுவர். மேலே ஏறி அழுத்துவதையே வெற்றி என்று உடலுக்குப் பழக்குவர். மூட்டை முறிக்குமாறு திருகுதலும் கழுத்தை நெரித்தலும் அங்கே விலக்கப்பட்டவை. எனவே அவற்றுக்கு அஞ்சும் பழக்கமும் உடலில் இராது. கூண்டிலோ மல்லாந்து கிடப்பவர் தோற்றவர் அல்லர். அவர் தம் கால்களையே கைகளாக்கி, மேலிருப்பவர் நீட்டிய கையைப் பற்றிப் பூட்டிடக் கூடும். அழுத்துவதற்காக நீட்டிய கையே அகப்படும் கையாகிறது. கவிழ்ந்து கிடந்து தோளைக் காப்பது மற்போரில் நல்ல தற்காப்பு. கூண்டிலோ அது முதுகைக் காட்டிக் கழுத்தைக் கொடுப்பதாகும். பிழை செய்ததனால் வரும் தோல்வி வேறு. நன்கு கற்றதை நன்கு செய்ததனாலேயே வரும் தோல்வி வேறு. பின்னதிலிருந்து மீள்வதே கடினம். இருபது ஆண்டுகள் உடலிற் பதிந்ததை மறந்தாக வேண்டும். அதே வேளையில் அதன் பலத்தையும் இழக்கலாகாது.

2022 செப்தெம்பரில் சிங்கப்பூரின் டிஃப்பனி டியோவிடமும் ரிது பிடியிலேயே பணிந்தார். பின்னர் சில காலம் களத்தை விட்டிருந்து, தாயான பின் 2025 பெப்ரவரியில் கட்டார் நாட்டில் மீண்டும் இறங்கினார். அங்கும் சப்பானின் அயாகா மியூரா முதற் சுற்றிலேயே அவர் கையைப் பூட்டினார். அன்றுவரை அவர் கணக்கு ஏழு வெற்றி, நான்கு தோல்வி. இக்கணக்கைக் கண்டு, 'பதக்கத்தை விட்டுப் பணத்தின் பின் போனவர்க்கு இது வேண்டியதே' என்று கூறுவோரும் உளர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று.

மல்லுக்கும் பசிக்கும் உள்ள உறவு பழமையானது. சோழர் குடியிற் பிறந்த போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, தந்தை தித்தனோடு பகைத்து, உரிமை இழந்து எளிய கூழுண்டு வாழ்ந்த காலத்தில் ஆமூர் மல்லனோடு பொருதான் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. அம்மற்போரைச் சாத்தந்தையார் பாடினார். அவன்மீது காதல் கொண்ட நக்கண்ணையாரும் பாடினார். அரசிளங்குமரன் அரியணையில் வீற்றிருந்த காட்சியைக் காட்டிலும், அவன் மண்ணிற் புரண்டு மல்லனை மடக்கிய காட்சியே அப்புலவர்களைக் கவர்ந்தது. வறியவன் உடலைக் கொண்டு பொருதலை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. நாம் ஏன் கருதவேண்டும்?

நம் நாட்டில் மற்போர் என்றதும் முதியோர் நினைவுக்கு வருபவர்கள் தாராசிங்கும் கிங்கொங்கும். 1950 ஆம் ஆண்டுகளில் அவர்கள் கொழும்புக்கு வந்தபோது திரண்ட கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசுவர். அவை பெரும்பாலும் முடிவு முன்னரே வகுக்கப்பட்ட காட்சிப் போட்டிகள். அவற்றில் நடிப்புக்கு இடம் உண்டு. தாராசிங் பிற்காலத்தில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றியது பொருத்தமே. நாம் இங்கு பேசும் கூண்டுப் போட்டியோ முடிவு வகுக்கப்படாதது. அடி மெய், பூட்டு மெய், கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தாமதிப்பின் மூட்டு முறிவதும் மெய். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு 'எல்லாம் கூத்து' என்று ஒதுக்குவது அறியாமை.

பதக்கத்தின் வழி மட்டும் பூ விரித்த வழியா? ரிதுவின் சிறிய தந்தை மகளும் அதே களரியில் வளர்ந்தவருமாகிய வினேஷ் போகத், மற்போரை விட்டு அகலாது மூன்று ஒலிம்பிக் விழாக்களைக் கண்டவர். 2024 ஆகத்தில் பாரிசில் 50 கிலோப் பிரிவின் இறுதிப் போட்டிக்கு உரியவரானபின், அன்று காலை நிறுத்தபோது ஏறத்தாழ நூறு கிராம் மிகுந்திருந்தமையால் விலக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு, வீராங்கனைகளின் மானத்தைக் காக்குமாறு வேண்டித் தோழியருடன் டெல்லித் தெருவில் அமர்ந்து போராடவும் நேர்ந்தது. நின்ற பெண்ணையும் காக்கத் தவறும் சமுதாயம், சென்ற பெண்ணைப் பழிக்க என்ன உரிமை உடையது?

எனினும் புதிய களத்தின் ஊறுகளை மறைத்துப் பேசுவதும் நேர்மையன்று. தலையிற் படும் அடி, தசையிற் படும் அடி போன்று ஆறுவதில்லை. எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக உடலின் நீரை வற்றச் செய்யும் வழக்கம் உயிர்க்கே கேடு. 2015 திசம்பரில், இருபதே வயது கடந்த சீன வீரர் யாங் சியான் பிங், மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக எடை குறைக்கும்போது உயிர் நீத்தார். அதன் பின்னரே அதே 'ஒன்' அமைப்பு, உடலில் நீர் குறைந்தவரைக் களத்தில் இறங்கவிடாத விதியை வகுத்தது. ஓர் இளைஞன் இறந்தபின் வந்த விதி அது. விதி முன்னே வரவேண்டும், சாவு பின்னே வரக்கூடாது என்பதைத் தேயிலை ஆலையிலும் றப்பர் மலையிலும் உழைக்கும் நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, இவையெல்லாம் சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்று வாசகர் வினவலாம். இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளிலும், கேகாலை மாவட்டத்து தெகியோவிற்ற, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும் வாழும் நம் பிள்ளைகள் உடலுழைப்பின் மடியில் வளர்பவர்கள். விடியுமுன் பால் வெட்டப் போகும் தந்தை, கூடை சுமந்து செங்குத்தான மலையேறும் தாய் ஆகியோரின் பிள்ளைகளுக்கு உடல் உரம் குலச்சொத்து. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவ்வுரத்தைப் பிறர் அளந்த அளவுகோல், கொழுந்தின் நிறையும் பெரட்டுக் களத்தில் போடும் பேரும் அரைப்பேருமே. உடல் கற்கவல்லது, அதற்கும் ஒரு கல்வி உண்டு, அக்கல்வியில் பட்டம் பெறுவோரும் உளர் என்ற எண்ணம் தோட்டப் பாடசாலைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

வேரூன்றுவதற்கு முதலில் வேண்டியது மெத்தையன்று, உணவு. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளுள் ஏறத்தாழ மூவருள் ஒருவர் வயதுக்கேற்ற வளர்ச்சி இன்றி இருந்தனர். நாடு முழுவதையும் கொள்ளின் அவ்விகிதம் நூற்றுக்கு 17 அளவிலேயே நின்றது. பாலும் பருப்பும் முட்டையும் எட்டாத வயிற்றுக்கு மற்போரின் மாண்பை விளக்குவது வெற்றுரை. வீரரைத் தேடி அலையும் விளையாட்டுத் துறையினர், முதலில் பாடசாலைப் பகலுணவின் தட்டைப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பே இல்லை எனவும் நாம் சோர்வடைய வேண்டா. 2022 ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்த பொதுநலவாய விழாவில், நம் நாட்டின் இளம்பெண் நெத்மி பொருத்தொட்டகே பெண்கள் மற்போரில் வெண்கலம் வென்றார். பெண்கள் மற்போர் இலங்கைக்கு அயலான கலை என்ற சொல் அன்றே பொய்த்தது. நம் சிங்கள அயலவர் அங்கம்பொர என்னும் தம் பழங்கலையைப் பேணி வருகின்றனர். 1818 ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயர் அதனைத் தடைசெய்தனர் என்பது அவர்களிடை வழங்கும் வரலாறு. நம்மிடம் சிலம்பம் இருக்கிறது. பெலிகுல்ஓயாவில் உள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் கற்பிக்கப்படுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கு பயில்கின்றனர். அப்பட்டதாரிகளுள் ஒருவர் இருவரேனும் வாரம் ஒருமுறை தம் தோட்டத்துப் பாடசாலைக்கு வந்து, விழுதலும் எழுதலும் எவ்வாறு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாதா? நகரத்துக் கூடங்களைக் காட்டிலும் அது பெருந்தொண்டாகும்.

அவ்வாறு கற்பிக்கப் புகுவோர் ரிதுவின் வாழ்விலிருந்து மூன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, கல்வியை இடையில் அறுக்கலாகாது. பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டும் வென்றவர் அவர். ஆனால் அவரைப்போல் விட்டு, வெல்லாது போனவரை எவரும் படமெடுப்பதில்லை. தொழில்முறைக் களத்தில் புகுவோர் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் பிடிகளினும் சிக்கலானது; அதனைத் தாமே படித்தறியும் கல்வி அவர்களுக்கு வேண்டும். ஒப்பந்தம் படிக்கத் தெரியாது கப்பலேறிய மூதாதையரின் பேரப்பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமா?

இரண்டாவது, பிள்ளையின் வழி பிள்ளையினதாக இருத்தல் வேண்டும். மகாவீர் சிங்கின் உறுதியைப் பாராட்டுவோம். எனினும் தந்தை கண்ட கனவு ஒலிம்பிக் பதக்கம். மகள் தெரிந்த வழி வேறு. அத்தெரிவை அவர் வளர்ந்தபின், கலையில் தேர்ந்தபின், தாமே செய்தார். நம் வீடுகளில் மகன் என்ன ஆகவேண்டும் என்பதைத் தந்தை முடிவு செய்கிறார். மகள் எப்போது மணக்கவேண்டும் என்பதை ஊர் முடிவு செய்கிறது. பெண்ணொருத்தி தாயானபின்னும் களத்திற்கு மீண்டாள் என்பது, அவள் அன்று தோற்றாள் என்பதினும் பெரிய செய்தி.

மூன்றாவதே நாம் தலையாயதாகக் கருதுவது. உயர்ந்த இடத்தில் இருப்பவர் மீண்டும் கடைசி வரிசையில் மாணவராய் அமர்வது எளிதன்று. உலகப் போட்டியில் வெள்ளி பெற்றவர், சிங்கப்பூர்ப் பயிற்சிக் கூடத்தில் குத்தத் தெரியாதவராய், உதையைத் தடுக்கத் தெரியாதவராய், முதல் நாள் மாணவியாய் நின்றார். நம் ஆசிரியர்களுள் எத்தனை பேர் தம் மாணவர் முன் 'எனக்கு இது தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்று கூறுவோம்? நம் எழுத்தாளர்களுள் எத்தனை பேர், ஒரு வகையிற் புகழ்பெற்றபின் பழகாத வகையில் எழுதித் தோற்கத் துணிவோம்? வென்ற களத்திலேயே இறுதிவரை நின்று மாலைகளை எண்ணிக்கொண்டிருப்பதே இவ்வுலகில் பெரும்பாலோர் வழக்கம். அது பாதுகாப்பானது, ஆனால் அதில் வளர்ச்சி இல்லை.

ரிது போகத் இனியும் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். அதனைக் கொண்டு அவரை அளவிடுதல் நம் நோக்கமன்று. பூட்டில் அகப்பட்ட கை வலித்தபோது தட்டி ஒப்புக்கொள்வது மானக்கேடன்று. மறுநாள் அப்பூட்டை அவிழ்க்கக் கற்பதற்கு அதுவே வாயில். அடுத்த முறை தபசு மரத்தடியில் அமர்ந்திருக்கும்போது, அருச்சுனன் தோற்ற இடம் வரும்; அப்போது பெற்றோர் தம் அருகிலிருக்கும் சிறுமியின் தோளைத் தட்டி எழுப்பி, அவ்விடத்தைத் தவறாது காட்டவேண்டும் என்பது நம் விருப்பம்.